காவிரித் தண்ணீர் 2 நாளைக்கு ஒருமுறை: மேட்டுத்தெரு வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது?

கடலோரம் (புனைபெயர்) கேட்டது, மற்றவர்கள் சொன்ன பதில்கள் கீழே:

சாயல்குடிக்குத் தெற்கே கடலோர ஊராட்சி. 410 வீட்டுக்குக் குழாய் இணைப்பு, 1,700 பேர். மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் 2 நாளைக்கு ஒருமுறை. 55,000 லிட்டர் ஏறினாலே பெரிசு. தொட்டியிலிருந்து இறங்குவது 110 மி.மீ. பிவிசி. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் திறக்கிறோம். தொட்டியடித் தெருவில் சம்ப் நிரம்பி வழியுது, மேட்டுத்தெருவில் குழாய் காத்துதான் விடுது.

இதுபோக ஊரணியில் 6 அடி தண்ணீர், மணல்மேட்டில் 3 உறைகிணறு (டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைஞ்ச உப்பு, லிட்டருக்கு 700லிருந்து 900 மி.கி.), ஒரு உப்புத்தண்ணி போர் (4,200). ஐப்பசி மழை வரைக்கும் இதை வைத்துத்தான் ஓட்டணும். மணல்மேட்டில் பெரிய போர் போடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. போடலாமா?

வால்வுசாவி:

முதலில் குழாய்க் கணக்கு. 110 மி.மீ. பைப்பில் நிமிஷத்துக்கு 700 லிட்டர் இறங்கினால் நல்ல ஓட்டம். ஒரு வீட்டுக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் ஒரே சமயத்தில் 70 வீடுதான் தாங்கும். 410 வீட்டையும் திறந்தால் கிட்டத்தில் இருப்பவன் குடிக்கிறான், கடைசியில் இருப்பவன் பார்க்கிறான். வேறு மர்மம் எதுவும் இல்லை.

6 பகுதியாகப் பிரிங்க. ஒவ்வொன்றுக்கும் பைப் தொடங்கும் இடத்தில் ஒரு கேட் வால்வு, மேலே பூட்டுள்ள சேம்பர். ஒரு வீட்டுப் பங்கு 134 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 9 குடம். பகுதிக்கு 15 நிமிஷம் விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் ஊரே முடிஞ்சிடும். மேட்டுத்தெருவை முதலில் திறங்க. தொட்டி நிறைஞ்சிருக்கும்போது கிடைக்கிற அழுத்தம் பாதி இறங்கினபிறகு கிடைக்காது. அந்தத் தெருவின் உச்சியில் ஏர் வால்வு (பைப்பில் சிக்கின காத்தை வெளியே விடுவது) இல்லாவிட்டால் முதல் 5 நிமிஷம் காத்திலேயே போயிடும். ஒரு இஞ்ச் ஏர் வால்வு போதும்.

பகுதிக்குள்ளும் ஏற்றத்தாழ்வு வரும். மீட்டருக்கு முன்னால், அல்லது தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குழாய் பிரியும் ஃபெருல் இணைப்பில், துளையிட்ட பித்தளை வாஷர் போடுங்க. தொட்டிக்குப் பக்கம், 7 மீட்டர் அழுத்தம் (7 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) இருக்கும் வீட்டுக்கு 5 மி.மீ. துளை, 3 மீட்டரே கிடைக்கும் வீட்டுக்கு 6 மி.மீ. இரண்டிலும் நிமிஷத்துக்கு 8 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கடிகாரத்தை வைத்துக் குடம் நிரம்பும் நேரத்தைப் பாருங்க, 1 நிமிஷம் 50 விநாடிக்குப் பக்கத்தில் இருக்கணும். பங்கு முழுசா இறங்க 16, 17 நிமிஷம் ஆகும், நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கோங்க.

மோட்டார் வைத்து உறிஞ்சினால் வாஷரும் வேலை செய்யாது, இன்னொரு கேடும் வரும். குழாயில் அழுத்தம் குறைஞ்சு, கசியும் இணைப்பு வழியாச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுபடும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, மோட்டார் வைத்த இணைப்பைத் துண்டிங்க.

மணலூற்று:

மணல்மேட்டில் பெரிய போர் வேண்டவே வேண்டாம். அங்கே நல்ல தண்ணீர் கடல் தண்ணீர்மேல் மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பியும் அதேதான்: மேல்மட்டம் 1 அடி இறங்கினால் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். போர் ஆழமாகப் போய் 5 எச்.பி. மோட்டார் இழுத்தால் குழாயடியில் உப்பு கூம்புமாதிரி எழும்பி வரும். வந்த உப்பு ஒரு மழையில் இறங்கிடும்னு நம்ப முடியாது.

இருக்கிற 3 கிணற்றையே மெதுவா எடுங்க. அரை எச்.பி., ஒரு மணி நேரம் ஓட்டி 3 மணி நேரம் ஓய்வு. கிணற்றடியில் உறிஞ்சு குழாயைத் தொங்கவிடாதீங்க. கோடைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே நிறுத்துங்க. தினமும் முதல் குடத்திலும் கடைசிக் குடத்திலும் டிடிஎஸ் மீட்டர் வைங்க. கடைசிக் குடம் முதல் குடத்தைவிட 100க்கு மேல் கூடினால் மறுநாள் அந்தக் கிணற்றுக்கு விடுமுறை. இன்னும் தண்ணீர் தேவையென்றால் தள்ளித்தள்ளிச் சின்ன உறைகிணறுதான் போடணும், ஆழம் கூட்டக்கூடாது. சிரட்டையால் ஊற்றில் அள்ளுற பழக்கமும் மேல்தண்ணியை மட்டும் தொடும் வேலைதான்.

ஊரணிக்கரை:

எந்தத் தண்ணியை முதலில் எடுப்பது என்பதில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்றாங்க. ஊரணியை "வைப்பு" மாதிரிக் காப்பாத்தி, கிணற்றைக் காலி பண்றாங்க. நம்ம வெயிலுக்கு ஊரணியில் தினம் 5, 6 மி.மீ. ஆவியாகும். 5 மாசத்தில் முக்கால் மீட்டரிலிருந்து 90 செ.மீ. வரை, உங்க 6 அடியில் கிட்டத்தட்ட பாதி, யாரும் குடிக்காமலே போயிடும். ஆகவே சமையலுக்கும் குடிக்கவும் காவிரிக்குத் துணையா ஊரணியை முதலில் தீருங்க, மணல் வடிகட்டி வழியாகத்தான். மணலுக்குள் இருப்பது அவ்வளவா ஆவியாகாது.

வற்றினதும் தூர் வாருவாங்க. அடியில் களிமண் படுகை எவ்வளவு தடிப்பென்று 3 இடத்தில் சோதனைக் குழி போட்டுப் பார்த்துட்டு, வண்டலை மட்டும் எடுங்க. ஜேசிபிக்காரர் களிமண்ணைக் கிழிச்சிட்டால் அடுத்த வருஷம் தண்ணீர் மணலுக்குள் இறங்கும், இல்லாவிட்டால் உப்பு ஊறும்.

வாஷர் யோசனை சரிதான், ஆனால் மண் அடைக்கும். வடிகட்டி வலை இல்லாமல் போட்டால் மாசம் ஒருமுறை கழற்றிக் கழுவணும்.

கடலோரம்:

நன்றி. போர்த் தண்ணியைத் தொட்டியில் கலந்து அளவைக் கூட்டலாமா?

வால்வுசாவி:

வேண்டாம். காவிரியின் டிடிஎஸ் 300 என்று வைத்தாலும், 55,000 லிட்டரோடு 5,000 போர்த் தண்ணீர் சேர்த்தாலே 600 தாண்டும். இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 500, வேறு தண்ணீரே இல்லாவிட்டால்தான் 2,000 வரை. தெருமுனையில் தனி சின்டெக்ஸ் வைத்துப் போர்த் தண்ணியைக் கழிப்பறைக்கும் பாத்திரத்துக்கும் விடுங்க. குழாய்க்கு வேறு நிறம், இரண்டு லைனையும் இணைக்கிற வால்வு எங்கேயும் இருக்கக்கூடாது.

பிளீச்சிங் பவுடர்: 25% குளோரின் உள்ளதாக இருந்தால் 55,000 லிட்டருக்கு 220 கிராம். வாளியில் கரைச்சு ஒரு மணி நேரம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி அரைமணி நேரம் கழிச்சுத் திறங்க. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருக்கணும். கடற்கரை ஈரத்தில் பவுடர் சீக்கிரம் வலு இழக்கும். மூட்டையைப் பிரிச்சதும் மூடி இறுகும் டப்பாவில் மாத்திக்கோங்க, கடைசி வீட்டில் 0.2 வரலைன்னா முதலில் பவுடரைச் சந்தேகப்படுங்க.