வீட்டில் ரிம்லெஸ் பவளத்தொட்டி அமைத்தவர்களின் அனுபவங்கள்

(ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் ஊர்; எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம்)

மண்டபம்

ரிம்லெஸ், அதாவது மேல்விளிம்பில் சட்டம் இல்லாத தொட்டிக்குக் கண்ணாடி வந்து, கீழே நீரைச் சுத்திகரிக்கும் சம்ப் தொட்டியைப் பொருத்தி, தண்ணீரும் ஓடத் தொடங்கிய பிறகு, உள்ளே அடுக்கும் கல் மட்டுந்தான் பாக்கி இருந்தது. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரை எங்கே வைத்தேன், எந்த விளக்கு வாங்கினேன் என்பதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. அவை நீங்கள் அறிந்தவையே. என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது ஒரு பெயிண்ட் வாளி.

நான் தொட்டி வைக்கும் செய்தியை யாரோ சொல்லக் கேட்டு, ஒரு மாலையில் இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்த வாளியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். “அண்ணே, கடைக்கல்லுக்கு ஏன் காசைக் கொட்டுறீங்க? இது நம்ம பார்க்கல்லு, உசுரோட இருக்கு” என்றார். பார் என்றால் கடலடிப் பவளத்திட்டு. மூடியைத் திறந்தேன். பாதி வாளித் தண்ணீரில் மான்கொம்புப் பவளத்தின் கிளை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீருக்கு மேலே நின்ற பகுதியிலிருந்து முட்டையின் வெள்ளைக்கரு போன்ற கோழை இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒடித்த அடிப்பகுதி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. காற்றுப் பட்ட பவளம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கோழை அது என்பதைப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுவிட்டன என்றும், புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இந்தக் கிளைக்கும் உண்டு என்றும் சொன்னேன். “ஒரு கொப்புதானேண்ணே” என்றார். எந்தப் பாரில் ஒடித்தார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மன்னார் வளைகுடாவில் பவளத்துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி வைத்து வளர்க்கிறார்கள்; அப்படி அசையாமல் பிடிமானம் கிடைத்தால் ஒடிந்த கிளையும் பிழைக்கும். அந்தக் கிளையைக் கடலிலேயே போட்டாரா, வேறொரு வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படி ஒரு வாளி உங்கள் வாசலுக்கும் வந்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

பாம்பன்

வாளி எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. எனக்கு நேர்ந்தது தண்ணீர் தொடர்பானது.

எங்கள் அப்பா வாழ்நாள் முழுவதும் வள்ளத்தில் போனவர். கார்த்திகை மாதத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கமிருந்து இரண்டு பிளாஸ்டிக் டிரம்களில் தண்ணீர் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி, மறுநாள் தொட்டிக்கு மாற்றுவதற்காக வைத்திருந்தேன். அப்பா வந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வாடைத் தண்ணிப்பா, உப்புப் பத்தாது” என்றார். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 29-இல், அதாவது ஆயிரம் பங்கு நீரில் 29 பங்கு உப்பு என்ற அளவில் நின்றது. என் தொட்டியில் இருந்ததோ 35. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் பாக் நீரிணைக்குள் இறங்கி வருகிறது என்பதை நான் கருவியில் கண்டேன். அவர் நாக்கிலேயே வைத்திருந்தார்.

டிரம்களை வெளியே கவிழ்த்துக் கொட்டியபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “பார்ல கிடக்குற மீனுக்கும் இந்த மாசத்துல இதே தண்ணிதானே? அது சாகலையே. உன் மீனு மட்டும் ஏன் சாகும்?” எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ராமநாதபுரம் நகர்

பாம்பன் நண்பரின் தந்தைக்கான பதில் எளிது. கடலில் 35 என்பது 29 ஆவதற்கு வாரக்கணக்கில் ஆகும், உடம்பு பழகிக்கொள்கிறது. டிரம்மைத் தொட்டிக்குள் கவிழ்த்தால் அந்த மாற்றம் சில நிமிடங்களில் நடந்துவிடும். மீனாவது ஓரளவு தாங்கும். இறாலும் பவளமும் தாங்கா. ஆனால் நான் கேட்பது வேறு: கரையோரத் தண்ணீரை எதற்காக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்? படகுகளின் டீசல் கலந்த நீரைத் துணியில் வடிகட்டினால் டீசல் போய்விடுமா? செயற்கை உப்பை வாங்கி, ஆர்ஓ நீரில் கரைப்பதே முறை. எங்கள் பகுதி நிலத்தடி நீர் உப்பு நீர் என்பதால், ஆர்ஓவுக்குப் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ பிசினும் வைத்து, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே உப்பைப் போடுகிறேன்.

என் அனுபவம் கண்ணாடி பற்றியது. 90-க்கு 45-க்கு 45 செ.மீ. அளவில் தொட்டி கேட்டேன். சுமார் 182 லிட்டர் கொள்ளும். கடல்நீரின் எடை மட்டுமே 187 கிலோ ஆகும். கண்ணாடிக்காரர் 8 மி.மீ. கண்ணாடியில் செய்து கொடுத்து, “நிக்கும் சார், நான் எத்தனையோ தொட்டி போட்டிருக்கேன்” என்றார். அவர் போட்டவை யாவும் மேலே சட்டம் வைத்தவை. மொட்டைமாடியில் நிரப்பிப் பார்த்தோம். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் இரும்பு அளவுகோலை ஒட்ட வைத்தேன். காலியாக இருந்தபோது முழுதும் படிந்த அதே அளவுகோல், இப்போது நடுவில் மட்டும் தொட்டு இரு முனைகளிலும் ஆடியது. கண்ணாடி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. மூலையின் சிலிக்கான் இணைப்பில் மயிரிழையாக ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது. கண்ணாடிக்காரரே அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஹோஸைப் போட்டுத் தண்ணீரை இறக்கினார்.

ரிம்லெஸ் தொட்டியில் மேல்விளிம்பைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை என்பதை யாவரும் நினைவில் கொள்ள வேண்டும். அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததன்று, தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. ஆனால் வளைவு நீளத்தோடு கூடும். இந்த அளவுக்கு 10 மி.மீ.-க்குக் குறைவாக யாரும் வைக்க வேண்டாம். நான் மறுபடி 12-இல் செய்வித்தேன். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைச் சிலிக்கான் உயிரினங்களைக் கொல்லும். ஒட்டிய பின் ஒரு வாரமாவது காயவிடுங்கள். அடிக்கண்ணாடி முழுதும் படியும்படி ஃபோம் ஷீட் போடுங்கள்; அதன்கீழ் ஒரு மணற்பரல் கிடந்தாலும் எடை முழுவதும் அங்கே இறங்கும். மேசையை நான்கு மூலைக்கும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரிம்லெஸ் தொட்டியில் நீர்மட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது பார்ப்பவர் எவருக்கும் தெரிந்துவிடும். கடைசியாக, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு சிறிய மின்விசிறிகளே போதும்.

கீழக்கரை

கண்ணாடியைப் பற்றி ராமநாதபுரம் நண்பர் சொன்னவற்றை மறுக்கவில்லை. விசிறி போதும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிரச் செய்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் கடற்கரை வீட்டில் அது எவ்வளவு ஆவியாக்கிவிடும்? அவர் இருக்கும் நகரம் கரையிலிருந்து தள்ளி இருப்பதால் அவருக்குப் போதுமாக இருக்கலாம். சித்திரை, வைகாசியில் எங்கள் கூடத்தில் விசிறியோடு 31 டிகிரிக்குக் கீழே தண்ணீர் இறங்கியதே இல்லை. கடலிலேயே அந்தச் சூட்டைத் தாங்காமல் 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. நம் கூடத்துத் தொட்டி எப்படித் தாங்கும்?

எனக்கு நேர்ந்தது அத்தகைய ஒரு வெயில்கால இரவில். மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் அணைந்த பிறகு, பொரிப்பகத்தில் வளர்த்து விற்ற கோமாளி மீன் இணை தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. 30 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டிய அளவுக்குத்தான் ஆக்சிஜனைக் கொள்ளும். ஓட்டம் நின்றால் அதுவும் விரைவில் தீரும். நான் பேட்டரி ஏர்பம்ப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, பிளாஸ்டிக் கப்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். விளிம்புச் சட்டம் இல்லாததால் கை தடையின்றிப் போய்வந்தது. “நீ போய் அதைத் தேடு, நான் பார்த்துக்கிறேன்” என்றார். ஏர்பம்ப்பில் பேட்டரி போட்டு வந்த பிறகும் அவர் இறங்கவில்லை. மீன்கள் கீழே போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அதற்கு முன்பு அந்தத் தொட்டியின் மின்கட்டணத்தைப் பற்றி எங்களுக்குள் வருத்தம் இருந்தது. அந்தப் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவே இல்லை. நானும் அவருக்கு நன்றி என்று சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வேதாளை

முதலில் எழுதிய மண்டபம் நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கிளை ஏற்கெனவே ஒடிந்துவிட்டது. நல்ல ஓட்டமும் ஒளியும் உள்ள தொட்டியில் வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும். சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியதால் பவளத்துக்கு என்ன நன்மை விளைந்தது?

எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது சுவருக்குள் இருந்தவை முழுவதும் பவளக்கற்கள். இந்தக் கரையில் ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் பவளத்தைத்தான் வெட்டினார்கள். கடப்பாறை பட்டு விழுந்த ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தேன். மூளைப்பவளத்தின் வளைந்த வரிகள் ஒன்றும் அழியாமல் இருந்தன. வரிகளுக்கு இடையே கொத்தனார் பூசிய சாந்து இறுகிக் கிடந்தது. அந்தக் கல்லைக் கழுவி என் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்கத்தான் இங்கே வந்தேன்.

மண்டபம்

வேதாளை அண்ணாச்சிக்கு: நான் அந்தக் கிளையை வாங்கியிருந்தால் அடுத்த வாரம் வாளி இரண்டாகியிருக்கும். விலை கிடைக்கும் என்று தெரிந்த இடத்துக்குத்தான் ஒடித்த கொப்பு வரும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் கல்லெடுப்பு பல ஆண்டுகள் நிற்கவில்லை; பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அவற்றைச் சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

தாத்தா வீட்டுக் கல்லைப் பொறுத்தவரை, இறந்த பவளமும் அதே அட்டவணையைச் சேர்ந்ததுதான். ஆகவே வனத்துறையினரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, சாந்து இறுகிய கல் தொட்டியின் பிஎச் அளவை (காரத்தன்மையை) ஏற்றிவிடக்கூடும். எத்தனையோ ஆண்டுகள் சுவருக்குள் ஊறிய பாஸ்பேட் எவ்வளவு கசியும் என்று யாராலும் கணிக்க முடியாது. நான் கடைசியில் சுட்ட பீங்கான் கல்லைத்தான் வைத்தேன். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று, மீனே இல்லாமல், அம்மோனியாவைச் சொட்டு மருந்தாக விட்டு, அது நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி, அம்மோனியா, நைட்ரைட் ஆகிய இரண்டு சோதனைகளும் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுத்தேன். ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கும் உயிர்க்கல்லைப் போட்டால் இது விரைவாக முடியும் என்பது உண்மைதான். நம் கரையில் இருப்பவர்கள் அந்த ஆறு வாரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் நிலை.

தங்கச்சிமடம்

விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. பாசியைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

என் சம்பில் நைட்ரேட்டைக் குறைப்பதற்காகத் திராட்சைக்குலை போன்ற காலர்பா பாசியை வளர்த்து வந்தேன். கரையில் ஒதுங்கியதிலிருந்து எடுத்தது. எங்கள் தெருவில் பாசி எடுக்கப் போகும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி எடுப்பவர். அம்மாவைப் பார்க்க வந்தவர் தொட்டியைப் பார்க்கவில்லை. கீழே கதவு திறந்திருந்த சம்பைக் குனிந்து பார்த்தார். “தம்பி, இது வெளிறுது பாரு. கரையப் போவுது. இன்னைக்கே அள்ளிடு” என்றார். எனக்குப் பச்சை நிறத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவர் ஒரு நுனியைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். நுனியில் பச்சை திட்டுத்திட்டாகப் பிரிந்து, இடையே கண்ணாடிபோலத் தெரிந்தது.

முழுவதையும் அள்ளிவிட்டேன். ஒரு கைப்பிடியை மட்டும் கடல்நீர் நிரப்பிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலையில் பாட்டில் தண்ணீர் பச்சைப்பால் நிறத்தில் கலங்கியிருந்தது. பாசி வெறும் தோலாக, உள்ளே ஒன்றுமில்லாமல் மிதந்தது. காலர்பா எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் ஒரே செல்தான். இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமானதும் உள்ளிருப்பதை எல்லாம் நீரில் விட்டுவிட்டு மடிந்துவிடுகிறது. அது சம்பில் நடந்திருந்தால் இத்தனை நாள் உறிஞ்சிவைத்த கழிவு முழுவதும் ஒரே காலையில் தொட்டிக்குத் திரும்பியிருக்கும், ஆக்சிஜனும் இறங்கியிருக்கும்.

காலர்பாவை இப்போது விட்டுவிட்டேன். மரிக்கொழுந்துப் பாசியை சம்பில் வளர்த்துப் பார்த்தவர்கள் இருந்தால், எவ்வளவு ஒளியில் நின்றது என்று எழுதுங்கள். ஓட்டமான தண்ணீரில், கல்லைப் பிடித்துக்கொண்டால்தான் அது நிற்கும் என்று பெரியம்மா சொல்கிறார். என் சம்பில் அவ்வளவு ஓட்டம் இல்லை, இன்னொரு பம்ப் வைக்க இடமும் இல்லை.