குடும்பக் குழு: சொர்போன் பட்டமளிப்பு விழா

யாழினி: அனைவருக்கும் வணக்கம். பாரிஸில் உள்ள சொர்போன் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் நடக்கும் விழாவுக்கு எனக்கு மூன்று அனுமதிச் சீட்டுகள்தான் கிடைத்துள்ளன. அப்பா, அம்மா போக மீதமுள்ள ஒன்றுக்கு யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: யார் வந்தாலும் மேடைக்கு நேரெதிரே உட்காருங்கள். மேடைக்குப் பின்சுவர் முழுவதும் பரவியிருப்பது பிரெஞ்சு ஓவியர் பியூவி த ஷவானின் 'புனித வனம்' என்ற ஓவியம். நீளம் 25 மீட்டருக்கும் அதிகம், அரங்கு திறக்கப்பட்ட ஆண்டு 1889. நடுவில் வீற்றிருக்கும் பெண்ணே சொர்போன். அவள் காலடியில் பாறையிலிருந்து ஊற்று பெருகுகிறது. இளையோரும் முதியோரும் அதில் பருகுகிறார்கள்.

சித்தி: விழா காலையிலா, மாலையிலா? ரயிலுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

யாழினி: மாலையில், சித்தி.

மாமா: படத்தில் பார்த்தால் நிறமெல்லாம் மங்கிப் போனது போல் இருக்கிறதே?

பெரியப்பா: அது அவர் விரும்பி வைத்த நிறம், மச்சான். பணிக்கூடத்தில் துணியின்மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, பிறகு சுவரில் ஒட்டுவார்கள். பளபளப்பை அடக்கி, நிழலையும் ஆழத்தையும் குறைத்து வரைந்ததால், ஈரச் சுண்ணாம்பில் எழுதியது போலவே சுவரோடு இசைந்து நிற்கிறது.

அத்தை: ஓவிய வரலாறு படித்தால் சோறு கிடைக்காது என்றவருக்கு இப்போது நிறத்தில் அக்கறை வந்துவிட்டது.

மாமா: அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

பெரியப்பா: அந்த ஓவியத்திலும் ஒரு வழக்கு உண்டு. தத்துவத்தைக் குறிக்கும் உருவத்தின் அருகே ஆன்மிகவாதமும் பொருள்முதல்வாதமும் இரு பெண்களாக வாதாடுகின்றன. ஒருத்தி மேலுலகை நாட, மற்றவள் மண்ணில் பூத்த மலரைக் காட்டுகிறாள். மறுபக்கம் முழுவதும் அறிவியல் துறைகள்.

யாழினி: என் ஆய்வேட்டின் மையமே சமயத்துக்கும் அறிவுக்கும் இடையிலான இந்த வழக்குதான், பெரியப்பா. பாரிஸின் பாந்தியோன் கட்டடம் தேவாலயமாக இருந்த 1874இல் பியூவியிடம் பாரிஸின் காவல் புனிதையான ழெனவியேவின் பிள்ளைப் பருவத்தை வரையச் சொன்னார்கள். 1885இல் எழுத்தாளர் விக்டர் யூகோவை அடக்கம் செய்வதற்காக அக்கட்டடத்தின் தேவாலய நிலை நீக்கப்பட்டது. ஆனாலும் புனிதையின் கதை சுவரை விட்டு இறங்கவில்லை. அதே கைதான் சில ஆண்டுகளில் குடியரசின் கல்விக்கூடமான சொர்போனில் அறிவைத் தெய்வம் போல் அமர்த்தியது.

சித்தி: விழா முடிந்ததும் சாப்பாடு தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பகுதியில்தானே?

அத்தை: முதலில் சீட்டைப் பேசுவோம். பாட்டி வருவதாக இருந்தால் அவருக்கே கொடுக்க வேண்டும்.

மாமா: அம்மாவால் படியேற முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன். முடியாது என்றால் நான் வருகிறேன்.

யாழினி: வெள்ளிக்கிழமைக்குள் பெயரைக் கொடுத்தாக வேண்டும், மாமா.