புதுப்பிப்பு: ரங்கூன் கோயில் அலமாரிச் சுவடிகள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் கோயில் அலமாரியில் கிடக்கும் ஓலைச்சுவடிகளையும், 1942-க்கு முந்தைய செட்டியார் வட்டிக் கடைப் பேரேடுகளையும் காப்பாற்ற யாராவது பணம் தருவார்களா என்று.

பலர் சொன்ன பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தைப் படித்தேன். ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளையின் நிதியில் 2004 முதல் நடக்கிறது. படமெடுக்கத்தான் பணம், மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, படங்களின் ஒரு பிரதி உள்நாட்டிலேயே இருக்க வேண்டும். “லண்டனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்று முறைத்த தர்மகர்த்தா ஐயா, இதைக் கேட்டபிறகுதான் சாவியைக் கொடுத்தார். தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்து ஆவணங்களையே அந்தப் பணத்தில் படமெடுத்திருக்கிறார்கள். நம் வட்டிக் கணக்கு மட்டும் என்ன மட்டமா?

சுவடிகள் பரவாயில்லை. பேரேடுகள்தான் மோசம்: மை இறங்கிய இடமெல்லாம் தாள் பொடிந்து, எண்கள் இருந்த இடம் சல்லடையாகிவிட்டது. ஒரு பக்கத்தில் நெல் கணக்குக்கு நடுவே கோயில் மகமை (கோயிலுக்கென வியாபாரத்தில் ஒதுக்கும் பங்கு) தனி வரியாக நிற்கிறது.

பணம் ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் வரும். கோயில் குழுவை ஏற்பார்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அப்புறம், லேமினேஷன் செய்யச் சொன்ன நண்பரே, தயவுசெய்து வேண்டாம். ஒட்டினால் பிரிக்கவே முடியாது.