அப்பா ரிப்போர்ட்ல சிப்ரோவுக்கு ‘ரெசிஸ்டன்ட்’னு வந்திருக்கு, கோழிக்கறியால இருக்குமா?

கெடிலக்கரை, கடலூர்

எல்லாருக்கும் வணக்கம், நாங்க திருப்பாதிரிப்புலியூர். அப்பாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு. மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை பிராய்லர் வாங்கி கொழம்பு வச்சோம், அஞ்சு பேரும் சாப்ட்டோம், மறுநாள் நைட்டு அப்பாவுக்கு வயித்தால போச்சு, கூடவே குளிர் காய்ச்சல், தம்பி பையனுக்கும் ரெண்டு தடவ போச்சு ஆனா அவன் ஒரே நாள்ல தேறிட்டான். அப்பாவுக்கு மட்டும் பக்கத்து மெடிக்கல்ல சொல்லி மாத்திர வாங்கினோம், அட்டைல சிப்ரோஃப்ளாக்ஸசின்னு போட்டிருந்துச்சு, அந்த ஆன்டிபயாட்டிக் தான் சிப்ரோ. மூணு நாள் போட்டும் காய்ச்சல் எறங்கல, கை காலெல்லாம் சில்லுனு ஆகி பேச்சு கொழற ஆரம்பிச்சதும் பயந்துபோயி பாண்டிக்கு தூக்கிட்டு ஓடினோம். அங்க ரத்தம் எடுத்து கல்ச்சர் வச்சாங்க, அதாவது ரத்தத்துல என்ன கிருமி வளருதுன்னு பாத்தாங்க, சால்மோனெல்லாங்குற கிருமி, ஆனா டைபாய்டு வகை இல்லன்னு சொன்னாங்க. ரிப்போர்ட்ல சிப்ரோவுக்கு நேரா ஆர் (ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காது), செஃப்ட்ரியாக்சோனுக்கு நேரா எஸ் (மருந்து கேக்கும்). அந்த ஊசி போட்டு தான் பொழச்சாரு. இப்ப வீட்ல இருக்காரு, செவுத்த புடிச்சிகிட்டு தான் பாத்ரூம் போறாரு.

என் கேள்வி இது தான். கறி நல்லா தளதளன்னு கொதிச்சு தான் எறக்கினோம். அப்புறம் எப்படி வரும்? கோழிக்கு போடுற மருந்தால தான் இப்படி ஆவுதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, உண்மையா? அம்மா “என் கையால ஆக்கி போட்டேனே”ன்னு தெனம் அழுவுறாங்க, அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

பெஞ்ச்காரி, புதுச்சேரி

அப்பா திரும்பி வந்தாரே, அதுவே பெரிய விஷயம்ங்க. நான் மைக்ரோபயாலஜி லேப்ல 11 வருஷமா இருக்கேன், அந்த ஆர் எப்படி வருதுன்னு மொதல்ல சொல்லிடறேன். ரத்தத்துல வளந்த கிருமிய ஒரு தட்டுல பூசி, மேல மருந்து ஊறின சின்ன காகித பொட்டுங்கள வச்சு 35 டிகிரில ஒரு ராத்திரி விடுவோம். மருந்து கேக்குற கிருமியா இருந்தா காலைல பொட்ட சுத்தி தெளிவா வட்டம் இருக்கும், நிலாவ சுத்தி கோட்ட கட்டின மாதிரி. கேக்காத கிருமின்னா பொட்டு ஓரம் வரைக்கும் சாம்பலா படர்ந்து நிக்கும். உங்க அப்பாவோட தட்டுல சிப்ரோ பொட்டு அப்படி தான் இருந்திருக்கும். அந்த மூணு நாள் மாத்திர வீணா போனதுக்கு காரணம் அது தான்.

கறி விஷயம். உள்ள வரைக்கும் 75 டிகிரி சூடு ஏறினாலே சால்மோனெல்லா செத்துரும், மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லாவும் நெருப்புக்கு அடங்கிடும். அதனால எனக்கு கொழம்பு மேல சந்தேகமே இல்ல. பச்ச கறிய எங்க கழுவுனீங்க, வெட்டின அருவாமனைல அப்புறம் என்ன நறுக்குனீங்க, அத கேட்டு சொல்லுங்க.

கெடிலக்கரை

அம்மாகிட்ட கேட்டேன். சிங்க்ல தான் கொழா தண்ணில நல்லா அலசினாங்க, பெரிய துண்ட அருவாமனைல போட்டு சின்னதாக்கினாங்க, அத தண்ணில ஒரு தடவ காட்டிட்டு வெங்காயம் நறுக்கி தயிர் பச்சடி போட்டாங்க. பச்சடி அப்பாவும் தம்பி பையனும் மட்டும் தான் சாப்ட்டாங்க. இத எழுதும்போதே கை நடுங்குது.

காத்தவராயன், நெல்லிக்குப்பம்

பிராய்லர விட்டுட்டு நாட்டுக்கோழி வாங்குங்க, ஒரு பிரச்சனையும் வராது.

குரும்பாப்பட்டு மாடு டாக்டர்

நாட்டுக்கோழி குடல்லயும் சால்மோனெல்லா இருக்கும்ங்க. கோழி பாக்க நல்லா தான் இருக்கும், உரிக்கும்போது குடல் கிழிஞ்சா கறி மேல ஒட்டிக்கும். வீட்ல நாலு கோழிக்கு யாரும் தெனம் மருந்து ஊத்தறதில்ல, அந்த வித்தியாசம் மட்டும் உண்டு, கிருமியே இருக்காதுன்னு நெனச்சி பச்சடிய அதே அருவாமனைல நறுக்கிடாதீங்க.

மருந்து பத்தி கேட்டீங்க. கறில மருந்து தங்குறது ஒரு பிரச்சன, அது வேற. உங்க வீட்ல நடந்தது கிருமியே மாறி வந்தது. கோழிக்கு சளி புடிச்சா தண்ணில கலக்குற என்ரோஃப்ளாக்ஸசின் கோழி ஒடம்புக்குள்ள போனதும் அதுல ஒரு பங்கு சிப்ரோவாவே மாறுது. ரெண்டும் ஒரே குடும்பம். ஒரு ஷெட்டுல ஆயிரக்கணக்கான கோழி குடல்ல மருந்துக்கு செத்தது போக தாங்கினது மட்டும் பெருகும், அது கறி வழியா அடுப்படிக்கு வந்தா மனுசனுக்கு குடுக்குற சிப்ரோவும் அதுகிட்ட செல்லாது. அமெரிக்காவுல இதே காரணத்துக்கு தான் 2005 ல கோழிக்கு என்ரோஃப்ளாக்ஸசின தடை பண்ணாங்க, அங்க கேம்பைலோபாக்டர்னு வேற ஒரு வயித்துப்போக்கு கிருமி சிப்ரோவுக்கு அடங்காம போச்சு.

இன்னொன்னு கோலிஸ்டின். எந்த மருந்தும் கேக்காம ஐசியூல கெடக்குற ஆளுக்கு கடைசியா எடுக்குற மருந்து, அத கோழி வளர தீவனத்துல கலந்துட்டு இருந்தோம். 2015 ல சீனாவுல பன்னி, எறச்சியில இருந்து எடுத்த கிருமில எம்சிஆர்-1 னு ஒரு ஜீன் கண்டுபுடிச்சாங்க, கோலிஸ்டின தாங்குற ஜீன், அதுவும் ஒரு பாக்டீரியா பக்கத்து பாக்டீரியாவுக்கு கைமாத்தா குடுக்கக்கூடிய ஜீன். நம்ம நாட்டுல 2019 ஜூலைல கறிக்கோழி, மீன் எறா வளர்ப்பு, தீவனம் எல்லாத்துலயும் கோலிஸ்டினுக்கு தடை போட்டாங்க.

ஆனா உங்க அப்பாவுக்கு வந்தது அந்த கடை கோழில இருந்து தான்னு அடிச்சு சொல்ல முடியாது, கறித்துண்டும் டெஸ்ட் பண்ணிருந்தா தான் தெரியும். மெடிக்கல்ல சீட்டு இல்லாம நாம வாங்கி முழுங்குற மாத்திரையும் இதே வேலய மனுசன் குடல்ல பண்ணுது.

எட்டாயிரம் குஞ்சு, குறிஞ்சிப்பாடி பக்கம்

படிச்சிட்டு சும்மா போக மனசு வரல. எனக்கு ரெண்டு ஷெட்டு, கம்பெனி குஞ்சு, கம்பெனி தீவனம், நமக்கு வளர்ப்பு கூலி. குஞ்சு எறங்குன அன்னிக்கே சூப்பர்வைசர் ஒரு பாக்கெட் குடுப்பாரு, மூணு நாள் தண்ணி டேங்குல கலக்கணும், ஒரு குஞ்சுக்கும் நோவு இருக்காது, இருந்தாலும் கலக்கணும், எதுக்குன்னு நானும் கேட்டதில்ல. ஒரு தடவ வெள்ளக்கழிச்சல் வந்து தெனம் நூறு நூறா செத்துச்சு, பயத்துல கடைல கேட்டு ரெண்டு வகை ஆன்டிபயாட்டிக் ஊத்தினேன். அப்புறம் கால்நட டாக்டர் வந்து, இது வைரஸ்ப்பா, தடுப்பூசி தான் வழி, நீ ஊத்தினது அத்தனையும் தண்டம்னு சொன்னாரு. அந்த பேட்ச்ல ஷெட்டு தரைல போட்டிருந்த, எச்சம் கலந்த உமிய லோடு லோடா முந்திரி தோப்புக்கும் கரும்புக்கும் ஏத்தி விட்டேன், அதுல என்னென்ன கிருமி போச்சோன்னு இன்னிக்கு தான் யோசிக்கிறேன்.

இப்ப வெள்ளக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பூசி சொட்ட குறிச்ச நாள் தவறாம போடுறேன், பேட்ச் முடிஞ்சா தண்ணி பைப்ப கழுவி குளோரின் விடுறேன், உமி நனஞ்சு போகாம தெனம் கிளறி சுண்ணாம்பு போடுறேன். சாவு ஏறினா ரெண்டு கோழிய எடுத்துட்டு போயி அறுத்து பாக்க சொல்லிட்டு தான் மருந்து. மருந்து செலவு பாதி கொறஞ்சிச்சு. ஆனா அந்த மொத மூணு நாள் பாக்கெட்ட இன்னும் நிறுத்த முடியல, ஊத்தாம விட்டு குஞ்சு செத்தா கூலில கழிச்சிருவாங்க. எங்கள மட்டும் திட்டாதீங்க, கம்பெனிய கேளுங்க.

பெஞ்ச்காரி

கெடிலக்கரை, அம்மாகிட்ட இத சொல்லுங்க: அவங்க முப்பது வருஷமா இப்படி தான் சமைச்சிருப்பாங்க, எங்க வீட்லயும் அப்படி தான். முன்னெல்லாம் இப்படி ஒரு கிருமி உள்ள வந்தாலும் சாதாரண மாத்திரைல நின்னுருக்கும். இனிமே கறிய கொழால அலசாதீங்க, தெறிக்கிற தண்ணி பக்கத்து பாத்திரம் வரைக்கும் போகும், சூடு தான் கிருமிய கொல்லும், ஃப்ரீசர் கூட கொல்லாது. பச்சடிக்கு காய மொதல்ல நறுக்கி மூடி வச்சிட்டு அப்புறம் கறிய தொடுங்க, அருவாமனைய சோப்பு போட்டு சுடுதண்ணில கழுவுங்க.

திடமான ஆளுக்கு சும்மா வயித்தால போனா ஓஆர்எஸ் போதும், ஆன்டிபயாட்டிக் வேணாம், சால்மோனெல்லாவுல அது கிருமிய குடல்ல இன்னும் கொஞ்ச நாள் தங்க வைக்கும். கைக்கொழந்த, வயசானவங்க, சுகர் உள்ளவங்களுக்கு காய்ச்சலோட போனா மட்டும் மெடிக்கல்ல நிக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க, மாத்திர போடுறதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுக்க சொல்லி கேளுங்க.

கெடிலக்கரை

எல்லாத்தையும் அம்மாவுக்கு படிச்சி காட்டினேன், பண்ணைக்காரர் அண்ணன் எழுதினத ரெண்டு தடவ படிக்க சொன்னாங்க. சாயங்காலம் பரண்ல இருந்து பாட்டியோட பழைய அருவாமனைய எறக்கி சாணை புடிக்க குடுத்திருக்காங்க, காய்க்கு அது, கறிக்கு இதுன்னு. அப்பா இன்னிக்கு தான் செவுத்த புடிக்காம வாசல் வரைக்கும் நடந்தாரு. வியாழக்கிழமை ரிவியூ, மலத்துல இன்னும் கிருமி இருக்கான்னு பாக்கணுமான்னு கேட்டுட்டு வந்து எழுதுறேன்.