இருமினா, தும்மினா சிறுநீர் கசியுது. ஆபரேஷன் இல்லாம சரியாகுமா?

குரோம்பேட்டைத் தோழி:
எனக்கு 49 வயசு. பாரிமுனையில கணக்கு எழுதுற வேலை. ரெண்டும் சுகப்பிரசவம், மூத்தவன் பிறக்கும்போது 3.9 கிலோ. ரெண்டு வருஷமா இருமினா, தும்மினா, குடம் தூக்கினா கசியுது. போன மாசம் கோட்டை ஸ்டேஷன்ல படி இறங்கும்போது ஒரு தும்மல், பாவாடையே நனைஞ்சிடுச்சு. மின்சார ரயில்ல பாத்ரூம் இல்லையேன்னு காலையில எழுந்ததுல இருந்து ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. அம்மாவுக்கும் இருந்துச்சு, "வயசானா அப்படித்தான்டி"ன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டாங்க. ஒரு கிளினிக்ல கேட்டா, கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்னாங்க. வீடியோ பாத்து, கீழ்ப்பக்கத் தசையை இறுக்கி விடுற கெகல் பயிற்சியை மூணு வாரம் செஞ்சேன், ஒண்ணும் தெரியல. யாருக்காவது ஆபரேஷன் இல்லாம குணமாயிருக்கா?

மாம்பலம் அக்கா:
தங்கச்சி, எனக்கு 61. ஆறு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். மார்கழியில மயிலாப்பூர் மாட வீதி பஜனைக்குப் போறதையே விட்டுட்டேன், அவ்வளவு பயம். இப்ப திரும்பப் போறேன். கத்தி படல.

முதல்ல கர்ப்பப்பை விஷயம். இந்தக் கசிவுக்கு அது வைத்தியமே இல்ல. சிறுநீர்ப்பையையும் அதோட குழாயையும் கீழ இருந்து தாங்குற இடுப்புத்தளத் தசை தளர்ந்து போனதுதான் கோளாறு. கர்ப்பப்பையை எடுத்தா அந்தத் தசை எப்படி பலமாகும்? வேற காரணம் எதுவும் சொல்லாம எடுக்கணும்னா ஒத்துக்காதீங்க. எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரியிலயோ திருவல்லிக்கேணி கஸ்தூர்பாவிலயோ ஓ.பி. சீட்டு போட்டு இன்னொரு டாக்டரைக் கேளுங்க.

அடுத்து கெகல். நான் ஒரு வருஷம் தப்பாவே செஞ்சேன். மூச்சைப் பிடிச்சு, வயித்தை எக்கி, கீழ்ப்பக்கமா முக்கிட்டு இருந்திருக்கேன். பிசியோதெரபிஸ்ட் பொண்ணு ஒருத்தி கையுறை போட்டு, விரல் வெச்சுப் பாத்துட்டு, "அம்மா, நீங்க வெளிய தள்றீங்க, உள்ள தூக்கணும்"னு சொன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. 1948ல அர்னால்ட் கெகல் இந்தப் பயிற்சியைப் பத்தி எழுதினப்பவே, தசை சரியா இறுகுதான்னு ஒரு கருவி வெச்சுப் பாத்துத்தான் பழக்கினாராம். அந்தப் பாதியை விட்டுட்டு மீதியை மட்டும் நமக்கு வீடியோவுல சொல்றாங்க.

வாயு பிரியாம அடக்குவோம் இல்லையா, அப்படிப் பின்னால ஆரம்பிச்சு முன்னால கொண்டு வந்து, உள்ள மேல இழுக்கணும். தொடை, பிட்டம், வயிறு சும்மா இருக்கணும். மூச்சு தாராளமா போகணும். ஒரு வேளைக்கு 8 தடவையாவது, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். மூணு வாரம் பத்தவே பத்தாது, மனசு விட்டுடாதீங்க. எனக்கு ஒன்பதாவது வாரம் தாளிப்பு நெடியில தும்மல் வந்துச்சு. வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி இறுக்கிப் பிடிச்சேன், ஒரு சொட்டு கசியல. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே நின்னேன். சிறுநீர் போயிட்டிருக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுறது மட்டும் வேண்டாம்.

தண்ணியைக் குறைக்காதீங்கம்மா. இந்த வெயில்ல சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிக்கும், மலமும் இறுகும். தினம் முக்கினா தசை இன்னும் தளரும். காபிதான் குறைக்கணும். நான் நாலு டம்ளர்ல இருந்து ஒண்ணுக்கு வந்தேன். பிரஷருக்கு ரமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரை போடுறீங்களா? சிலருக்கு வறட்டு இருமல் வரும், ஒவ்வொரு இருமலுக்கும் கசியும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, டாக்டர் மாத்திரையை மாத்தினதும் இருமல் போச்சு. நீங்களா நிறுத்திடாதீங்க.

வேளச்சேரி பிசியோ:
அக்கா சொன்னது சரி. தினமும் எங்ககிட்ட வர்றவங்கள்ல பலபேர் தள்ளுறவங்கதான், அவங்க தப்பு இல்ல. சிறுநீர்ல கிருமி இருக்கா, சர்க்கரை இருக்கான்னு முதல்லயே பாத்துடுங்க. ரத்தம் கலந்து போனா பயிற்சின்னு காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க. உடம்பு பருமனா இருந்தா கொஞ்சம் எடை குறைஞ்சாலே கசிவு குறையும். பயிற்சியில பலன் போதலன்னா, பிறப்புறுப்புக்குள்ள வெச்சுக்கிற சிலிக்கோன் வளையம் இருக்கு. அளவு பாத்து டாக்டர் வெச்சு விடுவாங்க.

அண்ணாநகர் சித்ரா:
எனக்கு வேற மாதிரி. குழாயைத் திறந்தாலே, வீட்டுப் பூட்டுல சாவி வெச்சாலே முட்டிக்கிட்டு வரும், பாத்ரூம் போறதுக்குள்ள போயிடும். அதுக்கு அடக்கிப் பழகுற பயிற்சி கொடுத்தாங்க. முக்கால் மணிக்கு ஒருதரம் போயிட்டு இருந்ததைப் பத்துப் பத்து நிமிஷமா தள்ளிப் போட்டு, ரெண்டரை மணி நேரத்துக்குக் கொண்டு வந்தேன். கூடவே மாத்திரை. முதல்ல கொடுத்ததுல நாக்கு வறண்டு சோறே இறங்கல, அப்புறம் மிராபெக்ரான் மாத்திக் கொடுத்தாங்க. அதுக்கு பிரஷர் பாத்துக்கணும். உங்களுக்கு எந்த வகைன்னு தெரிய, மூணு நாள் எழுதி வைங்க: எவ்வளவு குடிச்சீங்க, எப்ப போனீங்க, என்ன செய்யும்போது கசிஞ்சது.

குரோம்பேட்டைத் தோழி:
மூணு நாளும் எழுதிட்டேன். மொத்தம் 11 தடவை கசிஞ்சிருக்கு. 9 தடவை இருமல், தும்மல், படி. ரெண்டு தடவைதான் அவசரமா வந்தது. நாள் பூரா குடிச்ச தண்ணி ஒரு லிட்டர்கூட இல்ல, காபி மட்டும் மூணு டம்ளர். நோட்டைப் பாத்துட்டு இவர் என்னன்னு கேட்டார், சொல்லிட்டேன். வியாழக்கிழமை லீவு போட்டு எழும்பூருக்குக் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார். அக்கா, உள்ள விரல் வெச்சுப் பாக்கும்போது வலிக்குமா?

மாம்பலம் அக்கா:
வலிக்கலம்மா. கூச்சம் இருந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு. வேண்டாம்னு தோணினா எப்ப வேணா நிறுத்தச் சொல்லலாம். போயிட்டு வந்து எழுதுங்க.