மேசையில் கிடக்கும் போன் 9.8 காட்டுகிறது, விழும்போது 0 காட்டுகிறது. அப்படியானால் ஈர்ப்பு ஒரு விசையா, இல்லையா?

தென்றல்_42 கேட்டது:

போனில் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போட்டு முடுக்கமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் சும்மா வைத்தால் மேல்நோக்கி 9.8 என்று காட்டுகிறது. அசையாமல் கிடக்கும் பொருளுக்கு எங்கிருந்து வந்தது முடுக்கம்? சரி என்று கொஞ்சம் உயரத்திலிருந்து மெத்தை மேல் போட்டுப் பார்த்தேன். விழுகிற அந்தக் கொஞ்ச நேரமும் கோடு 0-க்குப் பக்கத்தில் இறங்கி நிற்கிறது, மெத்தையில் பட்டதும் எகிறுகிறது. பள்ளியில் படித்ததற்கு இது அப்படியே தலைகீழ். விழும் பொருளுக்குத்தானே 9.8? இன்னொரு பக்கம், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி ஈர்ப்பு விசையே கிடையாது, அது காலவெளியின் (இடமும் காலமும் சேர்ந்த ஒன்றின்) வளைவு என்கிறார்கள். அப்போது நியூட்டன் சொன்னது தப்பா, இல்லை இரண்டு பேரும் ஒன்றையே வேறு மாதிரி சொல்கிறார்களா? தேர்வுக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

சுழலி:

முதலில் அந்தக் கருவி எதை அளக்கிறது என்று பார்த்துவிடுவோம். சிப்புக்குள் நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று வளையக்கூடிய கைகளில் தொங்குகிறது, அது தன் சட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் முடுக்கம் என்று திரையில் காட்டுகிறது. மேசை போனை மேலே தள்ளும்போது துண்டு பின்தங்குகிறது, அதுதான் உங்கள் 9.8. விழும்போது சட்டமும் துண்டும் சேர்ந்தே விழுவதால் விலகல் இல்லை. மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாலும் இதே கதைதான்: கையை விட்டதிலிருந்து ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் 0.

நியூட்டன் வழியில் இதற்கு விளக்கம், ஈர்ப்பு ஒவ்வோர் அணுவையும் ஒரே அளவுக்கு முடுக்குவதால் கருவிக்கு அது தெரியாது, மேசையின் தள்ளல் மட்டும்தான் தெரியும் என்பது. ஐன்ஸ்டைன் வழியில், கருவி காட்டுவதை அப்படியே நம்பலாம்: விழும் போன் மேல் விசை எதுவும் இல்லை, மேசையில் கிடப்பதுதான் தள்ளப்படுகிறது.

ஏன் அப்படி யோசிக்கத் தோன்றியது என்றால், மையவிலக்கு விசை போன்ற போலி விசைகள் (நாம் திரும்பும் அல்லது முடுக்கப்படும் இடத்திலிருந்து பார்ப்பதால் மட்டுமே இருப்பதாகத் தோன்றுபவை) எல்லாமே பொருளின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், அதனால்தான் நிறையைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் ஒரே முடுக்கம். மின்விசை அப்படி இல்லை, அது மின்னூட்டத்தைப் பொறுத்தது. ஈர்ப்பு மட்டும் போலி விசை மாதிரியே நடந்துகொள்கிறது. நியூட்டன் இதை ஊசல்களை வைத்துச் சோதித்தார், 2016-ல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள் பிளாட்டினம், டைட்டானியக் கலவைகளை வைத்து ஆயிரம் லட்சம் கோடியில் ஒருசில பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பார்த்தது, வித்தியாசம் தெரியவில்லை. நியூட்டனின் கோட்பாட்டில் இந்தப் பொருத்தத்துக்குக் காரணமே கிடையாது. 1907-ல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது ஐன்ஸ்டைன் இதையே தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டார்.

மணற்கேணி:

சுழலி சொன்னது சரி, ஆனால் 'விசையே இல்லை' என்பதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும், இணையத்தில் பெரும்பாலான காணொளிகள் அங்கேயே நிறுத்திவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

போலி விசையை, குறிப்பாயத்தை, அதாவது நாம் நின்று அளக்கும் இடத்தை, மாற்றி மொத்தமாக ஒழித்துவிடலாம். ஈர்ப்பை அப்படி ஒழிக்க முடியாது, ஒரு சின்ன இடத்துக்குள் மட்டும்தான் முடியும். கயிறு அறுந்து விழும் ஒரு பெரிய லிஃப்டில் இடது பக்கம் ஒரு பந்து, வலது பக்கம் ஒரு பந்து மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பூமியின் மையத்தை நோக்கித்தான் விழுகின்றன, அதனால் மெல்ல மெல்ல நெருங்கும். மேலும் கீழுமாக இருந்தால் விலகும்: ஒரு மீட்டர் இடைவெளிக்கு முடுக்கத்தில் வித்தியாசம் விநாடிக்கு விநாடி சுமார் 3 மைக்ரோமீட்டர்தான், ஆனால் எந்தக் குறிப்பாயத்தில் நின்றாலும் அது போகாது. கடலில் ஓதம், அதாவது நீர் மட்டம் ஏறி இறங்குவது, இதனால்தான். பூமி முழுவதுமே நிலவை நோக்கித் தடையின்றி விழுந்துகொண்டிருந்தும், இரண்டு பக்கமும் தண்ணீர் புடைக்கிறது. சார்பியல் 'வளைவு' என்று சொல்வது இந்த மிச்சத்தைத்தான். ஆகவே நீங்கள் உணரும் எடையைப் போலி விசைக் கணக்கில் சேர்க்கலாம், ஓதத்தைச் சேர்க்க முடியாது.

இன்னொன்று, இது பலர் கவனிக்காதது. 1923-ல் எலி கார்ட்டான் என்ற பிரெஞ்சு கணிதவியலாளர் நியூட்டனின் ஈர்ப்பையே வளைவாக எழுதிக் காட்டினார், கணிப்புகள் எதுவும் மாறவில்லை. அதாவது விசையா வளைவா என்பது மட்டும் இரண்டு கோட்பாடுகளையும் பிரிப்பதில்லை. பிரிப்பது எண்கள். புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புவதை நியூட்டனின் விதியால் விளக்க முடியவில்லை, 1859-ல் லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் இந்த முரணைக் காட்டினார், 1915-ல் ஐன்ஸ்டைனின் கணக்கு சரியாக அந்த எண்ணைக் கொடுத்தது. சூரியனை உரசிப் போகும் ஒளி நியூட்டன்படி 0.87 விகலை வளைய வேண்டும், சார்பியல்படி 1.75. 1919 சூரிய கிரகணத்தில் எடுத்த அளவீடுகள் பெரிய எண்ணின் பக்கம் நின்றன. எனவே இரண்டு பேரும் ஒன்றையே வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது.

தென்றல்_42:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். தரை நம்மை மேல்நோக்கி முடுக்குகிறது என்றால், பூமியின் மறுபக்கம் இருப்பவரை எதிர்த்திசையில் முடுக்குகிறது. அப்படியே போனால் பூமி ஊதிப் பெருக வேண்டாமா?

சுழலி:

கேட்க வேண்டிய கேள்வி. காலவெளி வளையாமல் தட்டையாக இருந்தால் நிச்சயமாகப் பெருகும். வடக்கு 60 டிகிரி அட்சக்கோட்டிலேயே கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானி திருப்பாமல் நேரே விட்டால் அது தெற்கே, நிலநடுக்கோட்டுப் பக்கம் போய்விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் திருப்பிக்கொண்டே இருந்தும் வடதுருவத்தை ஒரு அடிகூட நெருங்காது. தரையும் அப்படித்தான்: வெளிநோக்கி முடுக்கிக்கொண்டே இருந்தால்தான் மையத்திலிருந்து அதே தூரத்தில் நிற்க முடியும், முடுக்கத்தை விட்டால் உள்ளே விழுந்துவிடும்.

காலவெளி வளைவை விளக்க வழக்கமாகக் காட்டும், ரப்பர் விரிப்பில் குண்டு வைத்த படத்தை மட்டும் மறந்துவிடுங்கள். அது இடத்தின் வளைவைக் காட்டுகிறது, ஆனால் பந்து கீழே விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரத்தின் பக்கம் இருக்கிறது. உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும். டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் ஒரு கடிகாரமும் கீழே ஒன்றும் வைத்து அளந்து 2020-ல் வெளியிட்டார்கள், அந்த உயரத்துக்கு நாளுக்குச் சுமார் 4 நானோவிநாடி வித்தியாசம் வரும். இவ்வளவு சின்ன வேறுபாடுதான் கல்லைக் கீழே கொண்டுவருகிறது, ஏனென்றால் ஒரு விநாடி கடப்பது காலவெளியில் 3 லட்சம் கிலோமீட்டர் கடப்பதற்குச் சமம்.

வேலைமேசை:

நான் பொறியியல் பக்கம். பாலம், லிஃப்ட், கிரேன் எதற்கும் நியூட்டனின் விசையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம், அதில் ஒரு குறையும் இல்லை. ஜிபிஎஸ் என்று வந்தால் மட்டும் விட முடியாது. உயரத்தால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோவிநாடி முந்துகிறது, வேகத்தால் 7 பிந்துகிறது, மிச்சம் 38. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும்.

அப்புறம், துகள் இயற்பியல் படிப்பவர்களிடம் கேட்டால் ஈர்ப்பையும் ஒரு விசை என்றுதான் சொல்வார்கள், அதைச் சுமக்கும் கிராவிட்டான் என்ற துகளையும் சேர்த்து. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் ஈர்ப்பலையை (காலவெளியில் பரவும் அதிர்வை) பிடித்துவிட்டது, ஆனால் தனி கிராவிட்டானை இதுவரை யாரும் பார்க்கவில்லை, குவாண்டம் கணக்கோடு பொதுச் சார்பியலை முழுமையாக இணைக்கும் வேலையும் இன்னும் முடியவில்லை.