ரேடன் எரிவாயுக் கிடங்கு: செஃபேயை ஜெர்மன் அரசு விற்கலாமா?

நெய்தல்வாசன்:
ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் ஜெர்மன் கிளை, முன்பு காஸ்ப்ரோம் ஜெர்மானியா என்றிருந்த நிறுவனம்தான் இன்றைய செஃபே. 2022இல் ஜெர்மன் அரசு அதை முழுதாக எடுத்துக்கொண்டது. 2028 முடிவதற்குள் தன் பங்கை 25 சதவீதமும் ஒரு பங்குமாகக் குறைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் நிபந்தனை. இது தப்பு என்கிறேன். அரசு நிறுவனமாக இருந்தால்தான் பொறுப்பு இருக்கும். காரணம், செஃபேயின் கையில் உள்ள ரேடன் கிடங்கு. கீழ் சாக்சனியில், பூமிக்கடியில் சுமார் 2000 மீட்டரில், தீர்ந்துபோன வாயு வயலின் பாறைக்குள் ஏறக்குறைய 400 கோடி கன மீட்டர் வைக்கலாம். மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கிடங்குகளில் ஒன்று. 2015இல் வின்டர்ஷால் என்ற ஜெர்மன் நிறுவனத்துடன் நடந்த சொத்து மாற்றில் இது காஸ்ப்ரோம் கைக்குப் போனது. ரஷ்யா கிரிமியாவைப் பிடித்த மறுவருடம்! அரசு தடுக்கவில்லை. 2021 கோடையில் அவர்கள் ரேடனை நிரப்பவில்லை. உக்ரைன் போர் தொடங்கியபோது கிடங்கு ஏறக்குறைய காலி.

கணக்கன்:
வாசன், சொத்து யாருடையது என்பதையும் நிரப்பும் கடமை யாருக்கு என்பதையும் ஒன்றாக்குகிறீர்கள். 2021இல் நிரப்பச் சொல்லும் சட்டமே கிடையாது. 2022 ஏப்ரல் 30 முதல் உண்டு: முதலில் வைத்த இலக்கு, கிடங்கின் கொள்ளளவில் அக்டோபர் 1க்குள் 80, நவம்பர் 1க்குள் 90 சதவீதம். சொந்தக்காரர் யாரானாலும் இது பொருந்தும். நிரப்பாதவரின் இடத்தை ஜெர்மன் எரிவாயுச் சந்தையை நிர்வகிக்கும் டிரேடிங் ஹப் யூரோப் எடுத்துக்கொண்டு நிரப்பலாம். அந்தக் கோடையில் அது அவசரமாக வாங்கியபோது என்ன ஆனது? ஆகஸ்டில் ஒரு மெகாவாட்-மணி அளவு வாயுவின் விலை 300 யூரோவுக்கு மேல் போனது. அந்தச் செலவு கூடுதல் கட்டணமாக 2025 முடியும்வரை நுகர்வோர் தலையில் விழுந்தது. அரசு வாங்கினால் மலிவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நெய்தல்வாசன்:
அந்தச் சட்டத்தின் கதி என்ன? 2025இல் ரேடனுக்கான இலக்கை 45 சதவீதமாக இறக்கினார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில், வரும் கோடைக்கான விலை அடுத்த குளிர்கால விலையைவிட அதிகம். கோடையில் வாங்கிக் குளிரில் விற்றால் நட்டம் என்றதும் வியாபாரிகள் ஒதுங்கினார்கள், சட்டமும் வளைந்தது. பத்தாயத்தை நிரப்புவது லாபத்துக்கா, பஞ்சத்துக்கா?

குழாய்ப் பொறியாளர்:
இலக்கைக் குறைத்ததில் ஒரு தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. ரேடன் நுண்துளைப் பாறை. வாயு மெதுவாகத்தான் உள்ளே போகும், வெளியே வரும். உப்புக் குகைக் கிடங்குகள் அப்படியல்ல, கடுங்குளிரில் சட்டென்று கைகொடுக்கும். அதனால்தான் அவற்றுக்கு உயர்ந்த இலக்கு.

என் ஆதங்கம் வேறு. இன்று செஃபேயிடம் உள்ள, அன்று காஸ்ப்ரோமுடையதாக இருந்த சிங்கப்பூர்க் கிளையோடு, நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயில் 2012இலேயே 20 வருட ஒப்பந்தம் போட்டிருந்தது, ஆண்டுக்குச் சராசரி 25 லட்சம் டன் திரவ எரிவாயு. 2022 மே மாதம் ரஷ்யா இந்த நிறுவனக் குழுமத்தின்மீது தடை போட்டதும் கப்பல்கள் நின்றன. இங்கே உர ஆலைகளுக்கான வாயுவைக் குறைக்க வேண்டி வந்தது. வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போய், 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அரசு நிறுவனம் என்றால் பொறுப்பு என்று எழுதும்போது, அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதையும் எழுதுங்கள் வாசன்.

நெய்தல்வாசன்:
ஏற்கிறேன். அந்த இழப்பு பெரியது, நான் அதை யோசிக்கவில்லை.

கணக்கன்:
25 சதவீதமும் ஒரு பங்கும் சின்ன விஷயமில்லை என்பதையும் பாருங்கள். நிறுவன விதிகளைத் திருத்த முக்கால் பங்கு வாக்கு வேண்டும். அரசு அதை மறித்துவிடலாம்.

நெய்தல்வாசன்:
மறிக்கலாம், "நிரப்பு" என்று சொல்ல முடியாதே. 2021இல் யாரும் எந்த விதியையும் திருத்தவில்லை. பம்பை ஓட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். வர்த்தகப் பிரிவை விற்கட்டும், ரேடனை மட்டும் பிரித்து அரசே வைத்துக்கொள்ளட்டும். இதற்கு மறுப்பு உண்டா?

கணக்கன்:
இல்லை. ஆனால் நட்டம் வரும் வருடங்களில் அதை நிரப்பும் செலவு வரிப்பணத்திலிருந்து வரட்டும். மறுபடி எரிவாயு பில்லில் ஏற்றக் கூடாது.